ஒன்பதா, ஆறா: ஃபிரீமான்ட் தொடக்கப் பள்ளிகளின் எண்களை எப்படிப் படிப்பது?

வாசகர் கேள்வி, 12 அக்டோபர் 2024

சென்னையிலிருந்து ஜனவரியில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபிரீமான்டுக்குக் குடிபெயர்கிறோம். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் கிண்டர்கார்டன். கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கிய அரசுத் தொடக்கப் பள்ளியின் எல்லைக்குள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கும், ஆறு வாங்கிய பள்ளியின் எல்லைக்குள் அதே அளவு வீட்டுக்கும் மாத வாடகையில் 700 டாலர் வித்தியாசம். ஒன்பது வாங்கிய பள்ளியில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஆசியர். ஆறு வாங்கியதில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அலுவலகத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதுக்குப் போகச் சொல்கிறார்கள். ஆறு என்றால் அவ்வளவு மோசமான பள்ளியா?

12 அக்டோபர் 2024, இரவு

அந்த எண்ணை வைத்து மோசமான பள்ளி என்று சொல்ல முடியாது. ஒன்பது வாங்கியது நன்றாகக் கற்பிக்கும் பள்ளி என்றும் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பள்ளிகளிலும் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண்கள் முதலில் காட்டுகின்றன; உள்ளே ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அதற்குப் பின்னால் மங்கலாகத்தான் தெரியும்.

கிரேட்ஸ்கூல்ஸ் 1998-இல் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பு. அது எந்தப் பிள்ளைக்கும் தேர்வு வைப்பதில்லை. மாநில அரசு வெளியிடும் முடிவுகளை எடுத்து ஒன்றிலிருந்து பத்து வரையிலான ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. வீடு தேடும் தளங்களான ஜில்லோவும் ரெட்ஃபினும் அதை வாங்கி வீட்டு விலைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகின்றன. 2002-இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டமும், அதன் இடத்துக்கு 2015-இல் வந்த சட்டமும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொல்கின்றன. கலிஃபோர்னியா 2015 முதல் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்ற தேர்வை நடத்துகிறது. ஆகவே, கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளியில் அந்த எண் பாதி வகுப்புகளை மட்டுமே பார்த்திருக்கிறது. உங்கள் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளப்போகும் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இன்னொன்று. 2024-இல் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்ச்சி 94.56 சதவீதம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு பள்ளியில் 60 சதவீதம் பேர்தான் 'தரத்தை எட்டினார்கள்' என்பது பெரும் தோல்வியாகத் தோன்றும். கலிஃபோர்னியா மாநிலச் சராசரியே 2024-இல் ஆங்கிலத்தில் 47 சதவீதம், கணிதத்தில் 35.5 சதவீதம்தான் என்பதை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த 60 வேறு விதமாகத் தெரியும்.

13 அக்டோபர் 2024

'தரத்தை எட்டியவர்' என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். 2024 முடிவுகளில் நான்கு நிலைகள் இருந்தன: தரத்தை எட்டவில்லை, ஏறக்குறைய எட்டினார், எட்டினார், தாண்டினார். மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் எட்டுவதற்கான கோடு 2436. ஒரு பிள்ளை 2435 வாங்கினாலும் 2300 வாங்கினாலும் சதவீதக் கணக்கில் இருவரும் வெளியேதான். 2436-உம் 2600-உம் அதேபோல ஒன்றே. கோட்டை ஒட்டி நிற்கும் பத்துப் பிள்ளைகளை மட்டும் பிடித்து உலுக்கி ஏற்றிவிட்டால் பள்ளியின் சதவீதம் உயர்ந்துவிடும். மேலே இருப்பவர்களும் மிகக் கீழே இருப்பவர்களும் அப்படியே இருக்கலாம்.

அதோடு எண்ணிக்கையின் சிறுமையையும் கவனியுங்கள். ஒரு வகுப்பில் மொத்தம் 60 பேர் தேர்வு எழுதினால் ஒவ்வொரு பிள்ளையும் 1.7 சதவீதம். அப்படிப்பட்ட வகுப்பில் 70 சதவீதம் என்ற முடிவு, கற்பித்தல் எதுவும் மாறாமலே, அந்த ஆண்டு யார் வந்து சேர்ந்தார்கள் என்ற தற்செயலால் மட்டும் ஆறு புள்ளி ஏறவோ இறங்கவோ செய்வது இயல்பு. பொருளாதார ஆய்வாளர்கள் கேனும் ஸ்டைகரும் 2002-இல் இதைத்தான் விரிவாகக் காட்டினார்கள்: சிறிய பள்ளிகள் ஓராண்டு பரிசு வாங்கும் பட்டியலிலும் அடுத்த ஆண்டு எச்சரிக்கைப் பட்டியலிலும் மாறி மாறி வருவதில் பெரும்பங்கு வெறும் ஊசலாட்டம். ஓராண்டு எண்ணை வைத்து வீடு மாற்றாதீர்கள்.

15 அக்டோபர் 2024

உங்கள் மகளைச் சேர்க்கப் போகும் நாளில் கையில் வரும் ஒரு தாளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் நீங்கள் எழுதுவதும் இந்தப் புள்ளிவிவரங்களுக்குள் போய்ச் சேர்கிறது. வீட்டு மொழிப் படிவம் என்பது அதன் பெயர். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் குழந்தையோடு பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் தமக்குள் பேசும் மொழி எது என்று நான்கு கேள்விகள். என் மகளை இங்கே சேர்த்தபோது நான் நான்கிலும் தமிழ் என்று எழுதினேன். அது உண்மை.

அப்படி எழுதினால் 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். கிண்டர்கார்டன் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் படத்தைக் காட்டிப் பேசச் சொல்வார்கள். விளையாட்டுத் திடல் படம் ஒன்றில் இது என்ன என்று கேட்டதற்கு என் மகள் தயங்காமல் 'சறுக்கு மரம்' என்றாளாம். கேட்டவருக்கு அது சரியான விடை என்று தெரிய வழியில்லை. 'ஆங்கிலம் கற்போர்' பட்டியலில் சேர்த்தார்கள்.

வாட்ஸாப் குழுவில் ஒரே துக்க விசாரிப்பு. ஆங்கிலம் என்று எழுதியிருக்கலாமே, இனிமேல் முத்திரை குத்திவிடுவார்களே என்றார்கள். நடந்தது என்னவென்றால், தினமும் கொஞ்ச நேரம் ஒரு சிறு குழுவில் அவளை உட்கார வைத்து ஆங்கிலம் பேச வைத்தார்கள். அதில் ஓர் ஆப்கன் பையனும் இரண்டு மெக்சிக்கக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். முப்பது பேர் வகுப்பில் வாய் திறக்காதவள் அந்த மேசையில்தான் முதலில் பேசினாள். இலவசமாகக் கிடைக்கும் சிறு குழு வகுப்பை மறுப்பதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

புள்ளிவிவரத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் கற்போர் குழுவின் மதிப்பெண் எல்லாப் பள்ளியிலும் தாழ்ந்தே இருக்கும். அது அந்தக் குழுவின் அமைப்பிலேயே உள்ளது. எல்பாக்கில் நான்காம் நிலையை எட்டி, ஆசிரியர் மதிப்பீடும் பெற்றோர் கருத்தும் பொதுத் தேர்வு அளவும் ஒத்துவந்தால் பிள்ளையைக் குழுவிலிருந்து விடுவித்துவிடுவார்கள். என் மகளை மூன்றாம் வகுப்பில் விடுவித்தார்கள். அதாவது, தேறியவர்கள் வெளியேறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். தேறியவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வார்டில் படுத்திருப்பவர்களைக் காட்டி, இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் குணமாவதில்லை என்று சொல்வது போன்றது அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவது. பள்ளிகளின் நிலையைக் காட்ட மாநில அரசு நடத்தும் டேஷ்போர்டு என்ற இணையதளம் இதை ஓரளவு ஈடுகட்ட, விடுவிக்கப்பட்டவர்களையும் நான்கு ஆண்டு வரை அந்தக் குழுவோடு சேர்த்தே கணக்கிடுகிறது.

15 அக்டோபர் 2024, சற்றுப் பின்

விட்டுப்போனது: உங்கள் மகன் வசந்த காலத்தில் வந்த சூட்டோடு மாநிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அவனை ஆங்கிலம் கற்போர் என்று வகைப்படுத்தினால், அமெரிக்கப் பள்ளியில் பன்னிரண்டு மாதம் ஆகாதவன் என்பதால் ஆங்கிலத் தேர்விலிருந்து ஒருமுறை விலக்கு உண்டு; கணிதத்திலிருந்து இல்லை. சென்னையில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை என்றால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதன் கணித எண்ணை அவன் கொஞ்சம் உயர்த்திவிடுவான். பள்ளி அதற்காக எதுவும் செய்திருக்காது.

18 அக்டோபர் 2024

'அப்படியானால் ஆசிரியர்களால் ஒன்றும் ஆவதில்லை என்கிறீர்களா' என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த முடிவுக்கு 1966-இலேயே பலர் தாவினார்கள். 1964-ஆம் ஆண்டுச் சமஉரிமைச் சட்டத்தின் கட்டளைப்படி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் சுமார் 4,000 பள்ளிகளையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். பள்ளிக்குப் பள்ளி உள்ள வசதி வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணியும் உடன் படிப்பவர்களின் பின்னணியுமே மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகின்றன என்பது அதன் சாரம். பள்ளிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அது சொல்லவில்லை, சொன்னதாகப் பரவிவிட்டது.

பள்ளியின் பங்கைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டபோது, எல்லாரும் கைவிட்ட ஊராகப் பேசிய சிக்காகோ முன்னால் வந்து நின்றது. அங்கே மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் தேசியச் சராசரிக்கு வெகு கீழே இருந்தார்கள். ஆனால் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் சுமார் ஆறு ஆண்டுகளுக்கு உரிய படிப்பைக் கற்றிருந்தார்கள். வசதியான புறநகர் மாவட்டங்கள் சிலவற்றில் மூன்றாம் வகுப்பிலேயே மதிப்பெண் மிக உயரத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வளர்ச்சி சராசரிதான். இந்த இரண்டு வகை ஊர்களில் எங்கே ஆசிரியர் அதிகம் உழைத்திருக்கிறார் என்று நீங்களே சொல்லுங்கள். கிரேட்ஸ்கூல்ஸும் 2020-இல் தன் கணக்கில் வளர்ச்சிக்குக் கூடுதல் எடை தர வேண்டியதாயிற்று.

19 அக்டோபர் 2024

வீட்டுத் தரகர் என்ன சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் 'பள்ளிகளைப் பாருங்கள்' என்றுதான் சொல்வார். 1968-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, இந்தத் தெருவில் எந்த இனத்தவர் இருக்கிறார்கள் என்று சொல்லி உங்களை ஒரு பக்கம் தள்ளிவிட அவருக்கு அனுமதி இல்லை. பத்துக்கு இத்தனை என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை.

22 அக்டோபர் 2024

டியூஷன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை பள்ளி சீக்கிரம் விடும். அன்று ஒன்பது, பத்து வாங்கிய பள்ளி எதன் வாசலிலாவது போய் நின்று பாருங்கள். பெற்றோர் கார்களுக்கு முன்னால் டியூஷன் நிலையங்களின் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், பிள்ளைகள் பையோடு நேராக ஏறிக்கொள்வார்கள். மளிகைக் கடையும் தோசைக் கடையும் இருக்கும் அதே வளாகத்தில் கூமான் ஒன்று, ரஷ்யக் கணிதப் பள்ளி ஒன்று, அபாகஸ் ஒன்று, சொற்போட்டிப் பயிற்சி ஒன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கே ஐந்தாம் வகுப்புப் பின்னங்களைப் போட்டுக்கொண்டிருக்கும்.

மே மாதம் அதே பிள்ளை பள்ளியில் மாநிலத் தேர்வு எழுதுகிறது. மதிப்பெண் பள்ளியின் பெயரில் ஏறுகிறது. தேர்வு முடிவுத் தளத்தில் இனம், வருமானம், மொழி என்று பல வடிகட்டிகள் உண்டு. டியூஷனுக்குப் போகிறவர், போகாதவர் என்ற வடிகட்டி மட்டும் இல்லை. ஒன்பது வாங்கிய பள்ளியில் சேர்ந்தால் டியூஷன் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் அங்கே போன பிறகுதான், எல்லாரும் அனுப்புவதால் நாமும் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். நாங்களும் ஒரு பருவம் அனுப்பினோம். மகளுக்குக் கணிதம் முன்பே வந்துகொண்டிருந்தது. அந்தத் தாள்களை நிரப்பும் வேகம் மட்டும் கூடியது.

26 அக்டோபர் 2024

வருகைப் பதிவேட்டைப் பற்றியும் கொஞ்சம். டேஷ்போர்டில் 'நீடித்த வராமை' என்று ஒரு கணக்கு இருக்கிறது: பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் பங்கு. 180 நாள் பள்ளியில் 18 நாள். மாநில அளவில் 2018-19-இல் ஏறக்குறைய 12 சதவீதமாக இருந்த இது 2021-22-இல் 30 சதவீதமாக உயர்ந்தது. வறுமை, நோய், பேருந்து வசதியின்மை என்று காரணங்கள் எழுதப்படுகின்றன. நம் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு, அதன் பெயர் மார்கழி.

டிசம்பர் முதல் வாரம் கிளம்பி, கச்சேரிகளைக் கேட்டு, பொங்கலை முடித்துக்கொண்டு திரும்பும் குடும்பத்துப் பிள்ளை, இரண்டு வார விடுமுறையைக் கழித்தாலும் ஏறக்குறைய இருபது பள்ளி நாட்களைத் தவறவிடும். ஆக, ஒரு மென்பொருள் பொறியாளரின் பிள்ளை மாநிலக் கணக்கில் 'நீடித்து வராதவர்' ஆகிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டத்துக்குப் பணம் வருவதே சராசரி தினசரி வருகையைப் பொறுத்துத்தான். பிள்ளை மயிலாப்பூரில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மாவட்டத்துக்கு இழப்பு. இதற்காகத்தான் தனிப்பயில்வு ஒப்பந்தம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பயணத்துக்கு முன் அலுவலகத்தில் கையெழுத்திட்டு, பாடங்களை வாங்கிக்கொண்டு போய், முடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் வருகை பதிவாகும். விமானச் சீட்டு எடுத்த கையோடு அலுவலகத்தில் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் போய் நின்றால் மறுத்துவிடலாம்.

30 அக்டோபர் 2024

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒன்பது, ஆறு என்ற இரண்டு மொத்த எண்களை ஒப்பிடுவது ஏன் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு.

முதல் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பத்துப் பேர் வருமானம் குறைந்த வீட்டவர். வசதியானவர்களில் 84 சதவீதமும் மற்றவர்களில் 35 சதவீதமும் தரத்தை எட்டுகிறார்கள். மொத்தம் 79. இரண்டாம் பள்ளியில் வசதியானவர்கள் நாற்பது பேர், வருமானம் குறைந்தவர்கள் அறுபது பேர். முதல் வகையில் 86 சதவீதம் எட்டுகிறார்கள், இரண்டாம் வகையில் 44 சதவீதம். மொத்தம் 61. தளத்தில் பார்ப்பவருக்கு முதல் பள்ளி பதினெட்டுப் புள்ளி முன்னால். ஆனால் வசதியான பிள்ளைக்கும் வசதியற்ற பிள்ளைக்கும் இரண்டாம் பள்ளிதான் மேல். இது கற்பனை என்றாலும் அரிதான விந்தை இல்லை. கலவை மாறும் இடத்திலெல்லாம் நடக்கக்கூடியது.

இனப் பிரிவை வைத்து இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் ஃபிரீமான்ட் தமிழரையும், ஃப்ரெஸ்னோவில் வாழும் தென்கிழக்காசிய மோங் இனக் குடும்பத்தையும், லாங் பீச்சில் அகதிகளாக வந்து குடியேறிய கம்போடியரையும் போட்டுவிடுகிறார்கள். பிலிப்பினோவுக்கு மட்டும் கலிஃபோர்னியா தனிப் பெட்டி வைத்திருக்கிறது.

நான் பார்க்கச் சொல்வது வேறு வடிகட்டியை. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் படிப்பைக் கேட்பார்கள். உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர், முடித்தவர், கொஞ்சம் கல்லூரி, பட்டம், பட்டமேற்படிப்பு என்று ஐந்து படிகள். மாநிலத் தேர்வு முடிவுத் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இந்தப் படிவாரியாக முடிவுகளைப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் படி எதுவோ அதை இரண்டு பள்ளியிலும் எடுத்து வையுங்கள், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு. 2020-ஐத் தேடாதீர்கள், கொரோனாவால் அந்த ஆண்டு தேர்வு இல்லை, 2021-உம் அரைகுறை. பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் குழுவுக்கு எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள், பிள்ளைகளை அடையாளம் காணாமல் இருக்க.

3 நவம்பர் 2024

பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்: மொத்தத்தில் இருபதுக்கு மேல் இருந்த இடைவெளி, பட்டமேற்படிப்பு பெற்றோர் பிரிவில் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிவிட்டது, ஓராண்டு தலைகீழாகவும் இருக்கிறது. நான் எதிர்பார்த்தது இதைத்தான். 700 டாலர் அந்த ஒற்றை இலக்கத்துக்கு.

இந்த விலை எப்படி உருவாகிறது என்பதைப் பொருளாதார ஆய்வாளர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் அழகாக அளந்தார். பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் நெருங்கி இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்தார். தெரு ஒன்று, கடைகள் ஒன்று, பள்ளி மட்டும் வேறு. தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் ஐந்து சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று கண்டார். மதிப்பெண் விலையை ஏற்றுகிறது, விலை வசதியற்றவர்களை வடிகட்டுகிறது, வடிகட்டியதால் மதிப்பெண் இன்னும் ஏறுகிறது. இதில் ஆசிரியர் எங்கே வந்தார்?

ஃபிரீமான்டிலேயே இதற்குப் பழைய கதை உண்டு. 1956-இல் ஐந்து சிற்றூர்களை இணைத்து உருவான நகரம் இது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,30,504, அதில் பாதிக்கும் மேல் ஆசியர். இணைந்தாலும் பள்ளி எல்லைகளில் பழைய ஊர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வைபெல் தொடக்கப் பள்ளிப் பகுதிப் பிள்ளைகளை மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளிக்குப் பதிலாக இர்விங்டனுக்கு அனுப்ப மாவட்டம் முடிவெடுத்தபோது, பெற்றோர் தனிப் பள்ளி மாவட்டமாகப் பிரிந்துபோகும் அளவுக்குப் போராடினார்கள். பிரிய முடியவில்லை.

விலைச் சுழலின் மறுமுனையைப் பார்க்கக் குப்பர்டினோவுக்குப் போக வேண்டும். நாட்டிலேயே புகழ்பெற்ற தொடக்கப் பள்ளிகள் உள்ள அந்த மாவட்டத்தில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 2021-இல் மேயர்ஹோல்ஸ், ரெக்னார்ட் ஆகிய தொடக்கப் பள்ளிகளை மூட மாவட்டப் பள்ளி வாரியம் வாக்களித்தது. பள்ளி நன்றாக இருக்கிறது என்று ஏறிய வீட்டு விலையைச் சிறு குழந்தை உள்ள எந்த இளம் குடும்பத்தாலும் கொடுக்க முடியவில்லை. ஏற்கெனவே இருப்பவர்களோ, பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் நகர்வதில்லை. 1978-ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய பதின்மூன்றாம் பிரேரணைப்படி அவர்களுடைய சொத்து வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது, விற்று வேறு வீடு வாங்கினால் பொதுவாகப் புது விலைக்கு வரி. தெருக்கள் அப்படியே இருக்க, வகுப்புகள் காலியாயின.

5 நவம்பர் 2024

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது, ஆறு வாங்கிய பள்ளிக்காக வாதாடும் வக்கீல் போல எனக்கே தெரிகிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

உடன் படிக்கும் பிள்ளைகள் யார் என்பது வெறும் புள்ளிவிவரச் சிக்கல் மட்டும் இல்லை. வகுப்பறையில் அது தினமும் நடக்கும் விஷயம். பாதிப் பேர் வாசிப்பில் இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தால் ஆசிரியரின் நேரம் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். முன்னால் நிற்கும் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது கொடுக்க அவரால் முடியுமா என்பது அந்த ஆசிரியரையும் பள்ளி முதல்வரையும் பொறுத்தது. ஒன்பது வாங்கிய பள்ளிகளில் பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டி ஓவியம், இசை, அறிவியல் கூடம் என்று ஆள் வைக்கிறது. ஆறு வாங்கியதில் அந்தத் தொகை கிடைக்காது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், 2013 முதல் உள்ள நிதிப் பகிர்வு முறைப்படி, வருமானம் குறைந்த பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாவட்டத்துக்கு அடிப்படைத் தொகையில் இருபது சதவீதம் கூடுதலாக வருகிறது. சிறு குழு வாசிப்பு, ஆலோசகர் போன்றவை அந்தப் பணத்தில் வருவது உண்டு. எந்தப் பள்ளியில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் வாடகைக்கு வந்தபோது எங்கள் எல்லைப் பள்ளி ஏழு. அலுவலகத்துக்கு அருகில் என்பதால்தான் அந்த வீடு. கொள்கை எதுவும் இல்லை. ஒன்பதுக்கு மாறிவிடலாமா என்று ஒவ்வொரு வசந்த காலத்திலும் வீட்டில் பேச்சு எழும், மகள் தன் தோழிகளைக் காட்டி மறுத்துவிடுவாள்.

9 நவம்பர் 2024

பள்ளியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது என்றீர்கள். பொறுப்பறிக்கை அட்டையை முதலில் படித்துவிடுங்கள். 1988-ஆம் ஆண்டுப் பிரேரணை ஒன்றின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியும் அதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முழுத் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர் எத்தனை, இடைநீக்கம் எத்தனை, கட்டடத்தின் நிலை என்ன என்று இருக்கும். முதல்வரிடம் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் வகுப்பில் வாசிப்பு வராத பிள்ளையை எந்த மாதத்தில் கண்டுபிடிக்கிறீர்கள், பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல பள்ளி இதற்கு மாதத்தையும் ஆளையும் சொல்லும். மற்றவை பள்ளியின் குறிக்கோள் வாசகத்தைச் சொல்லும். கணிதத்தில் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு என்ன தருவீர்கள் என்பதையும் விடாதீர்கள், உங்கள் மகனுக்கு அது வேண்டியிருக்கும்.

10 நவம்பர் 2024

ஒன்பதுக்கே போவதாக வீட்டில் முடிவானால் ஒரே ஓர் எச்சரிக்கை. எல்லைக்குள் வீடு எடுத்தாலே அந்தப் பள்ளியில் இடம் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்து மாவட்டங்கள் சிலவற்றில் ஒரு வகுப்பு நிரம்பிவிட்டால், நடுவில் வந்து சேரும் பிள்ளையை இடம் இருக்கும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஓவர்லோட் என்று அதற்குப் பெயர். நீங்கள் வருவதோ ஜனவரியில், கல்வி ஆண்டின் நட்டநடுவில். மூன்றாம் வகுப்பிலும் கிண்டர்கார்டனிலும் இப்போது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள், அடுத்த ஆண்டு திரும்பி வர முன்னுரிமை உண்டா என்று மாவட்டச் சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டுவிட்டு, முடிந்தால் மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.